நிக்கோசியாவில் செட்டியார்

அம்மா தம் கடைசி மாதங்களில், கொலுவில் வைப்பதற்காக, சைப்ரஸ் தீவின் தலைநகரான நிக்கோசியாவை அட்டையில் செய்தார். வட்ட மதில், பதினொரு கொத்தளங்கள், நகரை இரண்டாகப் பிரிக்கும் எல்லைக்கோடு.

துக்க ஆண்டு முடிந்து, அமெரிக்காவில் எங்கள் மான்மவுத் ஜங்ஷன் வீட்டில் இவ்வாண்டு கொலு வைத்தோம். செட்டியார் பொம்மையைத் தெற்கிலும் அவர் மனைவியை வடக்கிலும் வைத்துவிட்டேன், தவறு என்னுடையதே.

"ஸ்வாப் பண்ணிடவாப்பா?"

"விடும்மா ஸ்ம்ருதி. விசா கிடைச்சதும் அவரே க்ராஸ் பண்ணிப்பார்."

மறுநாள் செட்டியார் எல்லையை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தார். தினமும் அப்படியே நடந்தது. அப்பா தொடவில்லை என்றார், நானும் தொடவில்லை.

விஜயதசமி இரவில்தான் ஒரு பொம்மையைப் படுக்கவைப்பது வழக்கம். அன்று காலையிலேயே செட்டியார் வடக்கே, மனைவியின் அருகில் படுத்திருந்தார்.

அப்பாவுக்குப் போட்ட காப்பி ஆறிவிட்டது. அவர் அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை.