சலூன்காரர் வீட்டு மொட்டைகள்

"மச்சான், இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்களேன். கல்யாணம் ஆகாதவன் நான்!"

சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா கெஞ்சினார். கழுத்துவரை வெள்ளைத் துணியைப் போர்த்தி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சலூன் ஷட்டரையும் இறக்கியாகிவிட்டது, ஓட வழியில்லை.

"தலையை ஆட்டாத மாப்ள, காது போயிடும்" என்றார் அப்பா, கத்தியில் புது பிளேடைச் சொருகியபடி.

அப்பாவின் தலை காலையிலேயே வழுவழுவென்று ஆகிவிட்டது. தனக்குத் தானே மழித்துக்கொண்டதில் இரண்டு இடத்தில் வெட்டு வேறு. ஊரார் தலையையெல்லாம் அழகாக்குகிறவர் தன் தலையில் கோட்டை விட்டுவிட்டார், பாவம்.

எல்லாம் வாலுக்காகத்தான். வாலு, அவருடைய பத்து வயது மகள். இடுப்புவரை தொங்கும் பின்னலோடு பெஞ்சில் உட்கார்ந்து, காலாட்டிக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

அவள் தோளில் இருந்த கட்டி புற்றுநோய் என்று போன வாரம்தான் தெரிந்தது. லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வருகிற அபூர்வ வகையாம். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா மயங்கிச் சரிந்தாள். அப்பாவும் மாமாவும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். மிச்சத்தையெல்லாம் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தது வாலுதான்.

"என்னம்மா சொன்னாரு?" என்று மகளைக் கேட்டார் அப்பா.

"திங்கக்கிழமை மருந்து ஆரம்பிக்கலாம்னாரு."

அன்றிலிருந்து அம்மா யாரோடும் பேசவில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள்; பிள்ளை முகத்தைப் பார்த்தால் மட்டும் அடுப்படிக்குள் ஓடிவிடுகிறாள். இவளே இப்படி இடிந்துபோனால் பிள்ளைக்கு யார் தைரியம் சொல்வது? அப்பாவுக்கு அதுதான் பயம். யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான் இந்த மொட்டை.

"முடி கொட்டி எம்பொண்ணு மட்டும் ஏன் தனியா நிக்கணும்? நாம முந்திக்குவோம்!"

"அப்பா, அது வந்து..." என்று வாலு இழுத்தாள்.

"நீ சும்மா இரு. முடி விஷயத்துல அப்பாவுக்கே பாடம் எடுக்கிறியா?"

கத்தி இறங்கியது. ஆறு மாதமாக எண்ணெய் போட்டுச் சீராட்டி வளர்த்த சுருள் முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. மாமா மெல்லக் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"ஐயய்யோ! யாரு மச்சான் இது?"

மூலையில் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். தம்பியின் தலையை உற்றுப் பார்த்தாள்.

"அடேய், பொறந்தப்பவே உன் தலை கோணல்தான்டா! இன்னும் நிமிரவே இல்லையா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சீப்புகள் கைநழுவிச் சிதறின. வாலு வாயைப் பிளந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா கொண்டையை அவிழ்த்தாள். "நீ எந்திரிடா. என்னங்க, அடுத்தது எனக்கு."

திங்கட்கிழமை, மூன்று மொட்டைகளும் ஒரு பின்னலும் டாக்டர் அறைக்குள் நுழைந்தபோது, அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வீட்ல... யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல டாக்டர். நாளைக்குப் பாப்பாவுக்கு முடி கொட்டினா அது மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல? அதான், குடும்பமே தயாராயிட்டோம்!" அப்பா பெருமையாகத் தலையைத் தடவிக்கொண்டார்.

டாக்டர் மூன்று தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது வேற மாதிரி மாத்திரைங்க. இதுக்கு முடியே கொட்டாது. அன்னைக்கே பாப்பாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

மூன்று மொட்டைகளும் ஒன்றாகத் திரும்பின. "அடிப்பாவி!" என்று அலறினார் மாமா.

வாலு பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

"சொல்லத்தான் போனேன் டாக்டர். அதுக்குள்ள அம்மா சிரிச்சுட்டாங்க."