டாக்டருக்குப் பதிலாகப் படித்தவள்

"அசையாம உக்காரு. மைக்குல கேட்டுடப் போகுது" என்றார் டாக்டர், உதடு பிரியாமல்.

மனைவி தலையாட்டினாள். கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. கேமராவுக்கோ அவர் முகம் மட்டும்தான்.

குடும்ப டாக்டர்கள் இனிமேல் புது வழிகாட்டு நெறிகளின்படிதான் வைத்தியம் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஆன்லைனில் பாடம், முடிவில் பரீட்சை. தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். பதிவு போனால் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான். இந்த வயதில் வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு?

பாடம் என்றாலே அவருக்கு வேப்பங்காய். வீடியோவை ஓட விட்டு எழுந்து போகவும் முடியாது. நடுநடுவே கேள்வி கேட்டு, ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும். வெளியே நோயாளிகள் காத்திருக்கும்போது இதற்கெல்லாம் ஏது நேரம்? "நீ கொஞ்சம் பாத்துக்கோயேன்" என்று மனைவி தலையில் கட்டிவிட்டார்.

அவளும் சமையலறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, காய் நறுக்கிக்கொண்டே எல்லாப் பாடத்தையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்து முடித்தாள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். மார்க் எல்லாம் அவர் பெயரில் வந்து குவிந்தது.

பரீட்சைக்கு மட்டும் முகத்தைக் காட்டச் சொல்லிவிட்டார்கள், பாவிகள்.

அவர் கேள்வியையும் விடைகளையும் தனக்குத்தானே படிப்பதுபோல் முணுமுணுப்பார். அவள் கிசுகிசுப்பாள். அவர் அழுத்துவார்.

சாதாரண இடுப்பு வலிக்கு உடனே எக்ஸ்ரே எடுக்கலாமா? வேண்டாம் என்றாள். டாக்டருக்குத் திக்கென்றது. ஊரில் பாதிப் பேரின் இடுப்பை அவர் படம் பிடித்து வைத்திருந்தார். ஆனால் அவள் சொன்னதுதான் சரி என்று திரை காட்டியது.

அடுத்தது, ஐம்பது வயதுப் பெண். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல். புகைப்பழக்கம் இல்லை. வெந்நீரும் ஓய்வும் என்ற விடைக்கு அவர் விரல் தானாகவே போனது. எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. மேசைக்கடியில் அவள் காலை லேசாக இடித்தார்.

"கடைசியா சொன்னதுங்க. தொண்டை ஸ்பெஷலிஸ்ட்கிட்ட உடனே அனுப்பணும்."

ஒரு கம்மலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தபடி அழுத்தினார். அதுவும் சரி.

பிறகு குழந்தைகளின் காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம். ஒன்றிலும் அவள் தடுமாறவில்லை. தேறிவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று திரையில் வந்தது. கேமரா விளக்கு அணைந்தது. டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு மேசையில் தாளம் போட்டார்.

"பாஸ்! மூளைக்காரிடி நீ! கேமரா போயாச்சு, இனிமே சத்தமாவே பேசு."

"இவ்வளவுதாங்க வருது" என்றாள், அதே கிசுகிசுப்பில்.

விளையாடுகிறாள் என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

மழைக்காலம் தொடங்கியபோதே தொண்டை கட்டுகிறது என்று சொல்லியிருந்தாள். போனிலிருந்து நிமிராமலே, வெந்நீர் குடி என்றிருந்தார். மழை விட்டு வெயிலே வந்துவிட்டது. இப்போதெல்லாம் வீட்டில் என்ன நிம்மதி தெரியுமா என்று சிநேகிதர்களிடம் ஜோக் வேறு அடித்திருந்தார்.

எழுந்து வந்து அவள் கழுத்தில் விரல் வைத்தார். இடப்பக்கம் கல்லாக ஒன்று தட்டுப்பட்டது. அதற்குக் கீழே இன்னொன்று.

"ஏம்மா சொல்லல?"

"உங்க பரீட்சை முடியட்டும்னு இருந்தேங்க."

டாக்டர் கழுத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. அந்த ஸ்டூலில் உட்காரும் எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவளிடமும் சொன்னார்.

"ஒண்ணும் இருக்காது. சாதாரண நெறிக்கட்டிதான். மாத்திரையில கரைஞ்சிடும்."

அவள் அவர் கையை மெல்ல விலக்கினாள்.

"கழுத்துல கட்டி வந்தா என்னன்னு தனிப் பாடமே இருந்துச்சுங்க. அதையும் நான்தானே பாத்தேன்."