இருபத்தொன்பதாம் தேதி மோச்சி

“மினெகோ சான்! இன்னிக்குத் தேதி என்னன்னு தெரியுமா? இருபத்தொம்பது!”

கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கத்தினாள் குமகாய். மினெகோவின் வீட்டில், புத்தாண்டு மோச்சிக்காக வேகவைத்த அரிசியை இடிக்கும் இயந்திரம் கடகடக்கத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் வைத்து வைத்தே குமகாயின் வலது காது தட்டையாகிவிட்டது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

“தெரியும். ஷூவைக் கழட்டிட்டு உள்ளே வாங்க, குளிர் வருது.”

டிசம்பர் இருபத்தொன்பதில் எங்கள் ஊரில் யாரும் மோச்சி இடிப்பதில்லை. எங்கள் ஜப்பானிய மொழியில் ஒன்பதுக்கு ‘கு’ என்று பெயர், துன்பத்துக்கும் ‘கு’தான். அன்று இடித்தால் புது வருஷம் பூராவும் துன்பத்தை உருட்டித் தின்ன வேண்டியதுதான்.

“அதுவும் டைஃபுகு செய்யறீங்க! பேரே ‘பெரிய அதிர்ஷ்டம்’. அதைப் போய் இந்த நாள்லயா?”

“வேணும்னுதான்.”

மினெகோ சூடான மோச்சியைக் கிள்ளினாள், தட்டினாள், நடுவில் பயற்றுப் பூரணத்தை வைத்தாள். ஓரங்களைச் சேர்த்து ஒரு திருகு. யாருடைய கழுத்தையோ திருகுவதுபோல் இருந்தது.

“யாருக்கு?”

“தெத்சுரோவுக்கு. புதுசா வந்தவளோட முதல் புத்தாண்டாமே. நாம ஒண்ணும் செய்யலேன்னா நல்லாவா இருக்கும்?”

முப்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, போன ஏப்ரலில் வகானா என்ற நடன ஆசிரியையோடு போய்விட்ட கணவர்தான் தெத்சுரோ.

“ஐயோ, இது சாபமாச்சே!”

“அவர் கேட்டதுதானே? வருஷாவருஷம் இருபத்தெட்டாம் தேதி ஆபீஸ் மூடினதும் வந்து நிப்பாரு. ‘மோச்சியை நாளைக்கு இடிக்கலாமா?’ன்னு கேப்பாரு. காரணம் சொல்ல வாயைத் திறப்பாரு, நான் விட்டாத்தானே! ‘வீட்டுக்குத் துன்பத்தைக் கூப்பிடறீங்களா?’ன்னு விரட்டிட்டு, அன்னிக்கே இடிச்சு முடிச்சிருவேன். என்ன பிரயோஜனம்? துன்பம் டான்ஸ் ஆடிக்கிட்டே வந்துச்சு. இந்த வருஷம் முழு இருபத்தொம்பதும் அவருக்கே!”

“ஊரு என்ன சொல்லும்?”

“ஊருக்கும் ரெண்டு தரட்டுமா?”

குமகாய் இரண்டடி பின்வாங்கினாள். “துன்பம் தின்னவங்களுக்கு இல்லம்மா, இடிச்ச வீட்டுக்குத்தான் வரும்!”

“வரட்டும். வாசல்லயே நிக்க வெச்சுப் பேசிக்கறேன்.”

எண்ணி ஒன்பது டைஃபுகுவைப் பெட்டியில் அடுக்கித் துணியில் கட்டினாள் மினெகோ. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும். குமகாய்க்குச் சாபம் என்றால் பயம்தான். ஆனால் வகானாவின் சமையலறையைப் பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிது.

“மூணே மூணு ஸ்டேஷன்தானே?” என்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.

மாலை நான்கு மணிக்குக் குமகாய் திரும்பிவந்தபோது, மினெகோ மாவு படிந்த கையோடு வாசலிலேயே காத்திருந்தாள்.

“அவர் மூஞ்சி எப்படிப் போச்சு?”

“முதல்ல டீ கொடுங்க,” என்று உள்ளே போய் உட்கார்ந்தாள் குமகாய். “பெட்டியைத் திறந்தாரு. ‘இன்னிக்கு இடிச்சதா? இன்னிக்கேவா?’ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. ஆமான்னேன். அப்படியே உக்காந்து அழுதுட்டாரு.”

“அழட்டும்!” மினெகோவின் முகம் மலர்ந்தது. “தொட்டாரா?”

“நாலைத் தின்னாரு. அந்தப் பொண்ணு ஒண்ணு எடுக்கக் கை நீட்டினா, படக்குன்னு பெட்டியை மூடிட்டாரு.”

“என்னது?”

“அவரோட அம்மா ஊர்ல இருபத்தொம்பதாம் தேதிதான் இடிப்பாங்களாம். ரெண்டுக்கு ‘ஃபு’, ஒம்பதுக்கு ‘கு’. சேர்த்தா ஃபுகு. அதிர்ஷ்டமாம்! ‘முப்பது வருஷமா கேட்டேன், இன்னிக்கு இடிச்சிருக்கா. மினெகோ என்னை மன்னிச்சுட்டா’ன்னு ஒரே அழுகை.”

குமகாய் நிதானமாக ஒரு வாய் டீ குடித்தாள்.

“இடிச்ச வீட்டுக்குத்தான் வரும்னு அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? அடுத்த டிரெயின்லயே வந்து வாசல்ல நிக்குது பாருங்க, ரெண்டு சூட்கேஸோட.”