ஐந்தாம் மாடியில் இரண்டு நாற்காலிகள்

அந்த வெளிநாட்டுச் சமவெளி நகரத்தில் மலை கிடையாது. ஊரை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் மருத்துவமனையின் கார் நிறுத்தும் கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்குப் போக வேண்டும். அதே மருத்துவமனையில் பதினொரு ஆண்டுகளாக நர்ஸாக இருக்கும் மங்களேஸ்வரி, போடியிலிருந்து வந்திருந்த தம்பி தவமணியைக் காரிலேயே அங்கே கூட்டிப்போனாள். கோதுமைக் குதிர்களையும், நீளமான கூட்ஸ் வண்டியையும், மணல் மட்டும் கிடக்கும் ஆற்றையும் தான் பெற்ற பிள்ளைகளைப்போலக் காட்டினாள்.

“இவ்வளவுதானாக்கா? ஒரே பொட்டக்காடால்ல இருக்கு. நம்ம ஊர்ல மலையாவது இருக்கு.”

அவள் பதில் சொல்வதற்குள் சூறாவளிச் சங்கு அலறியது. சங்கு கேட்டால் நிலவறைக்கு இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே விதி. தவமணி படிக்கட்டுக்கு ஓடினான். ஓடும்போதே கீழே பார்த்தான். தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. காபிக் கோப்பையோடும் இடுப்புக் குழந்தையோடும் எல்லோரும் வாசல் புல்தரைக்கு வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

“அக்கா, வாக்கா! இவங்களுக்கெல்லாம் கிறுக்கா பிடிச்சிருக்கு?”

மங்களேஸ்வரி கார் டிக்கியைத் திறந்து, இரண்டு மடக்கு நாற்காலிகளை எடுத்து மேற்குப் பக்கமாக விரித்தாள். தூரத்தில் மேகத்திலிருந்து கறுப்பாக ஒன்று தும்பிக்கைபோலச் சுழன்றபடி தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“உங்க ஊரு மலை நின்ன எடத்துலயேதான் நிக்கும்,” என்றாள், பக்கத்து நாற்காலியைத் தட்டி. “எங்க ஊரு மலை நடந்து வரும். உக்காரு.”