மஞ்சளுக்கு அடுத்து நீலம்

"எந்த விளக்குக்கு அப்புறம் ஷாக் வருதுன்னு இன்னிக்காவது தெரிஞ்சுதா ஐயா?"

"தெரியலையேம்மா."

பதினோராவது நாளாக அதே பதில். ஆராய்ச்சிக்கூட உதவியாளப் பெண்ணுக்கு எரிச்சலாக வந்தது.

சோதனை ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. மணிக்கட்டில் ஒரு ஒயர், வேர்வையை அளக்க விரலில் இன்னொன்று. எதிரே நாலு நிறத்தில் விளக்குகள் மாறி மாறி எரியும். மஞ்சளுக்கு அடுத்து நீலம் எரிந்தால் மட்டும் சுருக்கென்று ஒரு ஷாக். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு அன்றோடு விடுதலை. சொல்லாதவர் மறுநாளும் வர வேண்டும். வந்தவர்களில் யாரும் மூன்று நாளைத் தாண்டியதில்லை, இவரைத் தவிர.

"நாப்பது வருஷம் கடிகாரம் ரிப்பேர் பண்ணாராமே! அதெல்லாம் எந்தப் பக்கமா ஓடுச்சோ?" என்று சிரிப்பார் வாசலில் பெயர் பதிகிற குமாஸ்தா. "டீக்கும் பிஸ்கட்டுக்கும் வர்றாரு, விடுங்க மேடம்."

டாக்டருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "மஞ்சளைப் பார்த்ததுமே விரல் வேர்க்குது பாருங்க! உடம்பு பயத்தைக் கத்துக்கிச்சு, மனசுக்கு அது தெரியவே இல்ல. இவர் ஒருத்தர் போதும். இன்னியோட முடிச்சிடலாம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஒயரைக் கழற்றிக்கொண்டே அவள் சேதியைச் சொன்னாள்.

பெரியவர் எழுந்திருக்கவில்லை. "அப்போ நாளைக்கு?"

"வர வேண்டாம் ஐயா. டாக்டர் உங்களைப் பத்திக் கட்டுரையே எழுதப் போறாரு."

"என்னன்னு?"

"ஒண்ணும் தெரியாமலே பயப்படறீங்கன்னு."

அவர் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொய்யை எழுத வேண்டாம்னு சொல்லும்மா. மஞ்சளுக்கு அடுத்து நீலம். முதல் நாளே தெரியும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா பதினோரு நாள் ஷாக் வாங்குனீங்க? பயமா இல்லையா?"

"பயம் நிஜம்தான். தெரிஞ்சா மட்டும் வேர்க்காம இருக்குமா? ஆனா அது சுருக்குன்னு வந்து போயிடுது. சாயங்காலம் போய் வீட்டுப் பூட்டைத் திறக்கறதுதான் ரொம்பப் பயமா இருக்கு. என் வீட்டுக்காரி போய் ரெண்டு வருஷமாச்சு. உள்ளே ஏன்னு கேக்க ஆள் இல்ல. இங்கேன்னா, ஒவ்வொரு ஷாக்குக்கும் அப்புறம் நீ 'வலிச்சுதா'ன்னு கேப்பே. அதுக்காகத்தான்மா..."

அவள் மடியிலிருந்த படிவத்தைப் பார்த்தாள்.

மூன்றாவது கேள்வி: 'வலித்ததா? ஆம் / இல்லை.' பதினோரு நாளும் தலைநிமிராமல் அவள் வாசித்தது அதைத்தான்.

படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள். முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ரொம்ப வலிச்சுதா ஐயா?"