‘உம்’ போட்டவர்கள்

ரசிகர்கள் எழுதும் கதைகளில் இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல், ‘உம்’ போட்டால் நட்பு. அந்த வழக்கம்தான் இப்போது நாட்டுக்கே சட்டம்; யாருக்கு யார் என்ன உறவு என்பதை ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டிய பட்டை காட்டும். ஜெசிந்தாவின் மணிக்கட்டுப் பட்டையில் ‘பூரணியும் ஜெசிந்தாவும்’ என்று இருந்தது. கல்லூரி முடித்ததிலிருந்து இருவருக்கும் ஒரே வீடு, அதே ‘உம்’.

ஆபரேஷன் தியேட்டருக்குள் பூரணி நினைவில்லாமல் கிடந்தாள். வாசலில் நர்ஸ் ஜெசிந்தாவின் பட்டையைப் பார்த்தாள்.

“ஆபரேஷனுக்கு ‘உம்’ போட்டவங்க கையெழுத்து செல்லாதுக்கா. சாய்கோடு வேணும்.”

“அவளுக்கு என்னை விட்டா யாரும்மா இருக்கா?”

“அப்ப மாத்திடுங்க. அவசரம்கிறதால நீங்க மட்டும் பட்டையைத் தொட்டாப் போதும். ஆனா திரும்ப ‘உம்’ கிடைக்காது. சாய்கோட்டுக்கு அப்புறம் மாத்தினா ‘பிரிந்தவர்கள்’தான். சீக்கிரம்க்கா, ரத்தம் நிக்கல.”

இருவரும் சேர்ந்து எழுதிய கதைகளில் வரும் தோழிகளுக்கு நடுவே வாசகர் எவராவது சாய்கோடு போட்டால் பூரணி விடமாட்டாள். “ஏன், நட்புன்னா காதலுக்கு ஒரு படி கீழயா?” என்று சண்டைக்குப் போவாள்.

ஜெசிந்தா பட்டையைத் தொட்டாள். இருவர் பட்டையிலும் ‘பூரணி/ஜெசிந்தா’ என்று மாறியது.

மறுநாள் பூரணி கண் விழித்தாள். ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பூரணியின் பார்வை தன் மணிக்கட்டில் போய் நின்றது. பட்டையை இரண்டு முறை வாசித்தாள். பிறகு கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“நானும் இருக்கேன், நீயும் இருக்க,” என்றாள். “அந்த ‘உம்’மை எங்கடி தொலைச்ச?”