ஜன்னலோரம் ரெண்டு சீட்டு

"முழுப் பணமும் என் பேருக்கு வரணும். ஒரு பைசா வெளியே போகக் கூடாது."

அம்மா சொன்னதைக் கேட்டதும் காபி குடித்துக்கொண்டிருந்த மகனுக்குப் புரை ஏறியது. மகள் அண்ணனைப் பார்த்தாள்.

அப்பா ரயில் ஓட்டுநர். போன வாரம்தான் ரிட்டயர் ஆனார். ஆபீஸில் கொடுத்த கடிகாரம் சுவரில் புதுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் நேரம் பார்த்து ஓட வேண்டாம் என்று அனுப்பி வைப்பவர்கள், கடிகாரத்தை ஏன்தான் கொடுக்கிறார்களோ!

ரிட்டயர்மென்ட் பணம் நேற்று வங்கிக்கு வந்தது. இன்று பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

மகனுக்கு மூன்றாவதாக ஒரு கடை போட வேண்டும். முதல் இரண்டும் அப்பா வாங்கிய கடனில் திறந்தவை. அவர் கடனை அடைப்பதற்குள் இழுத்து மூடியவை. மகளுக்கோ இருக்கிற வீடு போதவில்லை, இன்னும் பெரிதாக வேண்டும்.

இருவரும் சொல்லி முடித்ததும், "அதுக்கென்ன..." என்று இழுத்தார் அப்பா. அப்போதுதான் சமையலறையிலிருந்து வந்த அம்மா அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"முழுப் பணமும் உன் பேருக்கு" என்று தலையாட்டினார் அப்பா.

அது அவருடைய தொழில் பழக்கம். ரயில் எஞ்சினில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் சிக்னலின் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அது வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. "அடுப்பை அணைச்சிட்டேன்" என்று அம்மா சொன்னால், "அடுப்பு அணைச்சாச்சு" என்பார். சின்ன வயதில் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, விளையாடறியா?" என்றான் மகன்.

"எனக்கு விளையாடற வயசாடா?"

"அவ்வளவு பணத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

"பாதியை பேங்க்ல போட்டுடுவேன். நாளைக்கே நாங்க படுத்துட்டா உங்க கையை எதிர்பார்க்க வேண்டாம். மீதியில மாசத்துக்கு ஒரு ஊர்னு ரயில்ல போகப்போறோம். ஜன்னலோரம் ரெண்டு சீட்டு, எதிரெதிரா."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரயில்லயா? உனக்கு ரயில் ஏறினாலே தலை சுத்தி வாந்தி வருமேம்மா!"

"வந்தா வந்துட்டுப் போகுது."

"பெத்த பிள்ளைங்களுக்கு இல்லாத பணம், ஊர் சுத்தவா?"

"ஆமா. ஊர் சுத்தத்தான்."

மகன் அப்பா பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கப்பா. ராத்திரி பகல்னு பார்க்காம உழைச்சது நீங்க. உங்க பணம் இது."

அப்பா தரையைப் பார்த்தார். "அம்மா சொன்னா சரியாத்தான்டா இருக்கும்."

பாவம், வாயில்லாப் பூச்சி! அவர் முகத்தைப் பார்த்த மகள் அம்மா பக்கம் சீறித் திரும்பினாள்.

"இத்தனை வருஷமும் அவரை இப்படித்தான் அடக்கி வெச்சிருந்தியா? நீ இவ்வளவு பணத்தாசை பிடிச்சவள்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

அம்மா காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"இனிமே இந்த வீட்டுப் படி ஏறினா என்னை ஏன்னு கேளுங்க!" மகன் விருட்டென்று எழுந்து வெளியேறினான். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முடியலைன்னா எங்க வீட்டுக்கு வந்துடுங்கப்பா" என்றவள், சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பினாள்.

கீழே வந்து காரில் ஏறிய பிறகுதான் போனை சோபாவிலேயே விட்டது ஞாபகம் வந்தது. அண்ணனை இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பப் படியேறினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விசும்பல் சத்தம்.

ஐயோ, அப்பா அழுகிறாரா?

இல்லை, அழுதது அம்மா.

"பொண்ணு என் மூஞ்சியைக்கூடப் பார்க்காமப் போயிட்டாளே..."

"அழாதே. எல்லாம் என்னாலதான்." என்றார் அப்பா. "பிள்ளைங்க கேட்டா இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வர மாட்டேங்குது. நான் காலையில உன்கிட்ட சொன்னதைத்தானே நீ அப்படியே திருப்பிச் சொன்னே? அந்த ஜன்னலோர சீட்டாவது என் ஆசைன்னு சொல்லியிருக்கலாம்ல? காலம் பூரா தண்டவாளத்தையே பார்த்துக்கிட்டிருந்தவன் நான்தானே!"

கதவைத் தள்ளப்போன மகள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"விடுங்க. நம்ம ரெண்டு பேர்ல பிள்ளைங்களுக்கு ஒருத்தராவது நல்லவங்களா இருக்கணும். அது நீங்களாவே இருந்துட்டுப் போங்க!"